சம்பந்தியின் மூதாதையர் பற்றிய ஆய்வறிக்கை: வாங்கிப் படித்தவனின் மதிப்புரை

என் சம்பந்திக்கு எழுபது வயது நிறைவதை ஒட்டி என்ன கொடுக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, அவருடைய குடும்பத்திலிருந்து முதன்முதலாக அமெரிக்கா வந்து சேர்ந்த மனிதரைப் பற்றி முறையான ஆய்வறிக்கை ஒன்றைத் தயாரிக்கச் சொல்லிப் பரிசளிக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். சம்பந்தி வர்ஜீனியாவில் பிறந்தவர். எட்டு தலைமுறைக்கு முன்னால், ஆங்கிலேயக் காலனிகளின் காலத்தில், அயர்லாந்திலிருந்து வந்த ஒருவரின் குடும்பப் பெயரை இன்றும் தாங்கியிருப்பவர். அந்த முன்னோரைப் பற்றி வீட்டில் எஞ்சியிருந்தவை, பழைய பைபிள் ஒன்றின் உள்ளட்டையில் மங்கிப்போயிருந்த நான்கு வரிகளும், நிலக்கிழாரை அடித்துப் போட்டுவிட்டு இரவோடு இரவாகக் கப்பலேறியவர் என்ற வாய்மொழிக் கதையும் மட்டுமே. என் பேரன் அவருக்குக் 'கப்பல் தாத்தா' என்று பெயர் வைத்திருக்கிறான். அவருடைய உண்மைப் பெயரில் அவர் வாழ்ந்த கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அதே காலத்தில் மூன்று பேர் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதால், இந்த மதிப்புரைக்கும் பேரன் வைத்த பெயரே குழப்பமில்லாதது.

இணையவழி இயங்கும் வம்சாவளி ஆய்வு நிறுவனம் ஒன்றிடம், 25 மணி நேர ஆய்வு அடங்கிய திட்டத்துக்கு 2,400 டாலர் கட்டினோம். ஐந்து மாதங்களில் 112 பக்க அறிக்கை வந்தது. மூல ஆவணங்களின் ஒளிப்படிகள் நாற்பதுக்கும் மேல் பின்னிணைப்பில் இருந்தன. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் சுட்டப்போகும் குறைகளை வேறு நிறுவனங்கள் தயாரித்த அறிக்கைகளிலும் பார்த்திருக்கிறேன். முப்பது ஆண்டுகள் நிலப் பத்திரங்களோடு புழங்கியவன் என்பதால், கட்டமைத்த புத்தகம் கைக்கு வந்ததும் பின்னிணைப்பைத்தான் முதலில் புரட்டினேன். அந்தப் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் இந்த மதிப்புரை வெறும் பாராட்டோடு முடிந்திருக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அட்லாண்டிக் கடலுக்கு மேற்கே நடந்தவற்றைச் சொல்லும் பகுதி கொடுத்த பணத்துக்கு ஈடானது, கிழக்கே நடந்தவற்றைச் சொல்லும் பகுதியைக் கிழித்துப் போட்டாலும் குடும்பத்துக்கு நட்டமில்லை.

முதல் இருபது பக்கங்கள் வரலாற்றுப் பின்னணி. எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே வார்ப்பில் எழுதி வைத்திருப்பார்கள் என்று தெரிந்தாலும், படிக்கத் தகுந்ததாகவே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து இந்தக் காலனிகளுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தைச் சேர்ந்த பிரெஸ்பிட்டேரியன்கள் என்னும் புராட்டஸ்டண்ட் பிரிவினர். முந்தைய நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து அங்கே சென்று குடியமர்ந்தவர்களின் வழிவந்தவர்கள். கத்தோலிக்கர்களை நசுக்கிய தண்டனைச் சட்டங்களின் நிழல் இவர்கள் மீதும் விழுந்தது. அரசுத் திருச்சபையான ஆங்கிலிகன் சபையின் முறைப்படி நற்கருணை பெறாதவர் அரசுப் பதவி வகிக்க முடியாது என்று 1704-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களையும் ஒதுக்கி வைத்தது. அதைவிட வயிற்றில் அடித்தது குத்தகைதான்: முப்பத்தொரு ஆண்டுக் குத்தகைகள் முடிவுக்கு வந்தபோது நிலக்கிழார்கள் குத்தகைத் தொகையைக் கூட்டிக் கேட்டார்கள். 1718-இல் ஐந்து கப்பல்களில் பாஸ்டனுக்கு வந்திறங்கிய கூட்டத்தையும், 1740-41-இன் கடும் பனியும் பஞ்சமும் துரத்திய கூட்டத்தையும் அறிக்கை நன்றாகவே விளக்குகிறது. வந்தவர்களை இங்கிருந்தோர் 'ஐரிஷ்காரர்கள்' என்றே பொத்தாம் பொதுவாக அழைத்ததும், நியூ ஹாம்ப்ஷயரில் குடியேறியவர்களின் போதகர் ஜேம்ஸ் மெக்கிரெகர் 1720-இல் அதை எதிர்த்து ஆளுநருக்குக் கடிதம் எழுதியதும் எனக்குப் புதிய செய்தி.

பின்னணிப் பகுதியில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது ஆளிவிதை. அயர்லாந்தின் லினன் (ஆளி நார்த் துணி) தொழிலுக்கு மெல்லிய நூல் வேண்டுமானால் ஆளிச் செடியை விதை முற்றுவதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். அப்படிப் பிடுங்கினால் மறு ஆண்டு விதைப்புக்கு விதை இருக்காது. அந்த விதையை பிலடெல்பியாவிலிருந்து கப்பல்கள் லண்டன்டெரிக்கும் நியூரிக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் கொண்டுவந்து இறக்கின. திரும்பும்போது வெறும் கப்பலாகப் போகாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டன. வர்ஜீனியாவின் உட்பகுதியில் குடியேறிய அல்ஸ்டர்க்காரர்கள் பலர் முதலில் டெலவேர் ஆற்றங்கரையில் வந்து இறங்கியதற்கு இந்த வணிகமே காரணம். கப்பல் கூலி கொடுக்க வழியில்லாதவர்கள் நான்கு முதல் ஏழு ஆண்டுகள் வரை ஒப்பந்த ஊழியத்துக்குத் தங்களையே எழுதிக் கொடுத்தார்கள். கூலி கொடுக்க வழியிருந்தவர்கள், கையில் மிஞ்சியதை வைத்துக்கொண்டு, பிலடெல்பியாவிலிருந்து லங்காஸ்டர் வழியாகப் போடோமாக் ஆற்றைக் கடந்து ஷெனன்டோவா பள்ளத்தாக்குக்குள் இறங்கும் வண்டிப்பாதையில் தெற்கு நோக்கி நடந்தார்கள்.

கப்பல் தாத்தா இரண்டாம் வகையைச் சேர்ந்தவர் என்பதற்கு அறிக்கை காட்டும் சான்றுதான் மொத்தப் புத்தகத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது. அந்நாளைய வர்ஜீனியாவில், ஒருவர் தம் சொந்தச் செலவில் தம்மையும் தம் குடும்பத்தாரையும் காலனிக்குள் கொண்டுவந்ததாக நீதிமன்றத்தில் சத்தியம் செய்தால், தலைக்கு 50 ஏக்கர் வீதம் நிலம் கோரும் உரிமைச் சான்று கிடைத்தது. பள்ளத்தாக்குக்கு அப்போது தனி நீதிமன்றம் இல்லாததால், மலையைக் கடந்து ஆரஞ்ச் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 1740-இல் அப்படிக் கூட்டமாகப் போய்ச் சத்தியம் செய்தவர்களின் வரிசையில் கப்பல் தாத்தாவும், மனைவியும், இரண்டு குழந்தைகளும் வருகிறார்கள். அயர்லாந்திலிருந்து பிலடெல்பியாவுக்கும் அங்கிருந்து இந்தக் காலனிக்கும் சொந்தச் செலவில் வந்ததாக எழுத்தர் எழுதியிருக்கிறார். நான்கு பேருக்கு 200 ஏக்கர் உரிமை. ஆனால் அவர் அந்த உரிமையை வைத்து அரசிடம் நிலம் வாங்கவில்லை என்பதையும் அறிக்கை கவனித்துச் சொல்கிறது. அவர் குடியிருந்த இடம், 1736-இல் வில்லியம் பெவர்லிக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் வழங்கப்பட்ட 1,18,491 ஏக்கர் பரப்புக்குள் வருகிறது. அங்கே நிலம் வேண்டுமென்றால் பெவர்லியிடம்தான் கிரயம் வாங்க வேண்டும். கையிலிருந்த உரிமைச் சான்றைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். இவரும் அதைத்தான் செய்திருக்கக்கூடும் என்று, உறுதியாகச் சொல்லாமல் அளவோடு எழுதியிருக்கிறார்கள். இந்த அளவுணர்ச்சி பின்னால் அறிக்கையிலிருந்து காணாமல் போகிறது.

கிரயப் பத்திரத்தின் ஒளிப்படியைப் பார்த்தபோது பழைய அலுவலக நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தது போலிருந்தது. நாம் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம், என்று எழுதுவதை அங்கே மரங்களைக் கொண்டு எழுதியிருக்கிறார்கள்: ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்ன திசையில் இத்தனை 'போல்' தூரம் போய் இரண்டு ஹிக்கரி மரக்கன்றுகளைத் தொட்டு, அங்கிருந்து திரும்பி, அடுத்தவர் எல்லையிலுள்ள கறுப்பு ஓக் மரம் வரை சென்று, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் விவரம். ஒரு போல் என்பது பதினாறரை அடி. அந்த மரங்கள் எப்போதோ போய்விட்டன. ஆனாலும் திசையும் தூரமும் இருப்பதால் உருவத்தை வரைந்துவிடலாம். ஆய்வாளர் அதை வரைந்து, சுற்றியுள்ள ஒன்பது பத்திரங்களையும் அதேபோல் வரைந்து, கிழிந்த காகிதத் துண்டுகளைப் பொருத்துவதைப் போல ஒன்றோடொன்று பொருத்தி, இன்றைய வரைபடத்தின் மேல் வைத்திருக்கிறார். அந்த ஒரு பக்கத்துக்குப் பின்னால் குறைந்தது மூன்று நாள் உழைப்பு இருக்கும் என்பது என் கணிப்பு. சம்பந்தி அந்த இடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போய், ஓடையின் வளைவைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

ஒரே பெயருடைய மூவரைப் பிரித்த விதமும் பாராட்டத்தக்கது. வம்சாவளித் தேடலில் ஈடுபடும் பெரும்பாலோர் கவிழ்வது இந்த இடத்தில்தான். பெயர் ஒத்துப்போனால் ஆளும் ஒன்று என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே ஆய்வாளர், ஒவ்வொரு ஆவணத்திலும் வரும் ஓடையின் பெயர், மனைவியின் பெயர், பக்கத்து நிலக்காரரின் பெயர், கையொப்பமா கீறல் குறியா என்பவற்றை அட்டவணையாக இட்டு மூவரையும் தனித்தனியே நிறுத்துகிறார். கப்பல் தாத்தா எழுதத் தெரிந்தவர். மற்ற இருவரில் ஒருவர் கைநாட்டுக்காரர். பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜான் கிரெய்க் 1740 முதல் 1749 வரை எழுதி வைத்த ஞானஸ்நானப் பதிவேடு எஞ்சியிருப்பதால், பள்ளத்தாக்கில் பிறந்த மூன்று குழந்தைகளும் கிடைத்துவிட்டார்கள். திருமணப் பதிவு மட்டும் எங்குமே கிடைக்கவில்லை. அவர் அயர்லாந்திலேயே மணந்தவர் என்பது சத்திய ஆவணத்திலிருந்து தெரிகிறது. அவருடைய பிள்ளைகளின் திருமணப் பதிவுகள் இல்லாததற்கோ சட்டமே காரணம்: 1780-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை வர்ஜீனியாவில் ஆங்கிலிகன் குருமார் நடத்திய திருமணமே செல்லுபடியாகும்.

கப்பல் தாத்தா 1750-இல் உயில் எழுதாமல் இறந்தார். உயில் இல்லையென்றால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் என்பது 1785-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றும்வரை வர்ஜீனியாவில் இருந்த விதி. பிள்ளைகளை வரிசைப்படுத்தும் வாரிசுச் சான்று போன்ற ஒன்று அங்கே கிடையாது. மூத்தவர் வயதுக்கு வந்து நிலத்தை விற்கும்போது, இன்னாருடைய மூத்த மகனும் சட்டப்படியான வாரிசும் என்று பத்திரத்தில் எழுதுவதுதான் உறவுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. மூத்தவருக்கு அது கிடைத்துவிட்டது. சம்பந்தியின் கிளையோ இரண்டாவது மகனுடையது. நிலமில்லாத இரண்டாவது மகன் நிலப் பதிவேடுகளில் எப்படி வருவார்? இதை ஆய்வாளர் பாதுகாவலர் நியமன உத்தரவுகளைக் கொண்டு அவிழ்த்திருக்கிறார். தாய் உயிரோடு இருந்தாலும் தந்தை இறந்துவிட்டால் பிள்ளைகள் சட்டத்தின் பார்வையில் அநாதைகள். பதினான்கு வயதானதும் தங்கள் பாதுகாவலரைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். அப்படி நீதிமன்றத்தில் வந்து நின்ற சிறுவனை, இறந்த இன்னாரின் அநாதை மகன் என்று எழுத்தர் குறித்த ஒற்றை வரிதான் எட்டு தலைமுறைகளையும் இணைக்கும் ஆணி. அடுத்து அவர் பெயர் வருவது 1782-ஆம் ஆண்டு வரிப் பட்டியலில். வர்ஜீனியாவின் 1790-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு தொலைந்துவிட்டதால் வரிப் பட்டியல்களைத்தான் அதற்கு மாற்றாக வைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவு கூர்மையாகத் தேடியவர்கள் கப்பல் தாத்தாவின் மனைவியை விட்டுவிட்டார்கள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. 'குடும்பமும் வாழ்க்கையும்' என்று அத்தியாயத் தலைப்பு; அந்த அம்மாளுக்கு அதில் மூன்று வரி. முதற்பெயர், ஐந்து பிள்ளைகள் பெற்றவர், 1753-க்குப் பிறகு குறிப்பேதுமில்லை என்பதோடு முடிகிறது. ஆனால் அவர்களே இணைத்திருக்கும் ஒளிப்படிகளில் அவர் நான்கு இடங்களில் வருகிறார். 1747-இல் கணவர் நிலத்தின் ஒரு துண்டை விற்றபோது, கணவருக்குப் பின் அந்த நிலத்தில் தமக்குரிய மூன்றில் ஒரு பங்கு ஆயுட்கால உரிமையை அவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதற்கு அவரைக் கணவரிடமிருந்து தனியே அழைத்து, மனமொப்பித்தான் கொடுக்கிறாயா, அச்சுறுத்தல் ஏதுமுண்டா என்று கேட்பது சட்டம். அவர் நீதிமன்றம் வரை பயணம் செய்ய இயலாத நிலையில் இருந்ததால், நீதிபதிகள் இருவரை அவருடைய வீட்டுக்கே அனுப்பி விசாரித்திருக்கிறார்கள். கிரெய்க்கின் பதிவேட்டோடு தேதியை ஒப்பிட்டால் காரணம் விளங்குகிறது: அடுத்த மாதமே ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி, மரவீட்டுக்குள் கணவரை வெளியே நிறுத்திவிட்டு, இரண்டு நீதிபதிகளின் முன் பதில் சொன்ன காட்சி அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. அவர் இட்ட குறி நேரான பெருக்கல் குறி அல்ல. ஒரு கால் நீண்டு, மையொழுகி, கீழ் வரியில் இடிக்கிறது. 112 பக்கத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

1753-க்குப் பிறகு குறிப்பில்லை என்பதும் தவறு. கணவர் இறந்ததும் சொத்து நிர்வாகியாக நியமிக்கப்பட்டவர் அவரே. 1754-ஆம் ஆண்டு உத்தரவில் அதே சொத்துக்கு வேறொருவரும் அவர் மனைவியும் கூட்டு நிர்வாகிகளாக வருகிறார்கள். மனைவியின் முதற்பெயர் அதுவே, அவர் இன்னாரின் விதவையாக இருந்தவர் என்ற சொற்களும் உண்டு. அவர் மறுமணம் செய்துகொண்டார், குடும்பப் பெயர் மாறியது, ஆய்வாளரின் கண்ணுக்கு மறைந்துபோனார், விஷயம் இவ்வளவுதான். அந்தத் தலைமுறையில் என் சம்பந்திக்கு 256 முன்னோர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகும் ஆய்வு அந்தப் பாதியைத் தொடுவதே இல்லை.

இனி சொத்துப் பட்டியல். இறந்தவரின் அசையும் பொருள்களை அக்கம்பக்கத்தார் மதிப்பிட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் இந்தப் பட்டியலே ஒரு வீட்டுக்குள் நம்மை நேராகக் கொண்டுபோய் நிறுத்தும் ஆவணம். பவுண்ட், ஷில்லிங், பென்ஸ் என மூன்று பத்திகளில் விலை. இரண்டு பெண்குதிரைகள், ஒன்று கிழடு, கலப்பையின் இரும்புப் பகுதிகள், தறி ஒன்று, ஆளி நாரைச் சீவும் இரும்புச் சீப்பு, நூற்புச் சக்கரம், ஆறு ஈயத் தட்டுகள், பழைய பைபிள் ஒன்று. அயர்லாந்தில் கற்ற கைத்தொழிலை அவர் இங்கும் விடவில்லை என்பதற்குத் தறியும் சீப்பும் போதும். தறிக்கும் கிழட்டுக் குதிரைக்கும் நடுவிலுள்ள வரியில், வீட்டுப் பெயர் இல்லாத ஒரு கறுப்பினப் பெண், பட்டியலிலேயே உயர்ந்த விலையோடு. அறிக்கை இதை 'ஒரு வேலைக்காரர்' என்று எழுதிவிட்டுப் போகிறது. ஆவணத்தில் இருக்கும் சொல் அதுவல்ல. இதை நான் சம்பந்தியிடம் காட்டலாமா என்று ஒரு வாரம் தயங்கினேன். அவரோ பின்னிணைப்பை எனக்கு முன்பே படித்திருந்தார். 'பரிசு என்பதற்காகச் சர்க்கரை தடவித் தர வேண்டியதில்லை' என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பட்டியல் விஷயத்தில் வேறொரு கோளாறும் உண்டு; அது சிரிப்பை வரவழைக்கும் கோளாறு. சொத்தை மதிப்பிட நீதிமன்றம் உத்தரவிட்டது 1750 நவம்பரில். பட்டியல் தாக்கலானது 1750 பிப்ரவரியில். உத்தரவுக்கு ஒன்பது மாதம் முன்பே பட்டியல் எப்படி வரும் என்று குழம்பிய ஆய்வாளர், இது ஒரே பெயருடைய மூவரில் வேறொருவரின் பட்டியலாக இருக்கலாம் என்று அடிக்குறிப்பு எழுதி ஒதுக்கிவிட்டார். ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் 1752-இல் நாள்காட்டி மாற்றப்படும்வரை புத்தாண்டு மார்ச் 25-ஆம் தேதிதான் பிறந்தது. ஆகவே நவம்பர் 1750-க்குப் பிறகு வருவதுதான் பிப்ரவரி 1750. நம் கணக்கில் அது 1751. காலனி ஆட்சிக் கால ஆவணங்களைத் தொடுகிறவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. மூல ஏட்டைப் பார்த்திருந்தால் பக்க வரிசையே காட்டிக்கொடுத்திருக்கும். இந்த அத்தியாயத்தின் மேற்கோள்களைப் பார்த்தால், கப்பல் தாத்தா வாழ்ந்த ஆகஸ்டா கவுண்டியின் ஆவணங்களின் சுருக்கமாக 1912-இல் மூன்று தொகுதிகளில் வெளிவந்த அச்சு நூலையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. விடுபாடுகளும் பிழைகளும் உண்டென்று பெயர்பெற்ற தொகுப்பு அது. வழிகாட்டியாகக் கொள்ளலாம், சான்றாகக் கொள்ளலாகாது.

பிழைகளை இதுவரை பொறுத்துக்கொண்டேன். அயர்லாந்து அத்தியாயத்தை அப்படிப் பொறுக்க முடியவில்லை. அதன் முதல் வரியிலேயே கப்பலின் பெயரும் புறப்பட்ட நாளும் வருகின்றன. பேரன் துள்ளிக் குதித்தான். மேற்கோள் எண்ணைத் தேடிப் போனால், எவரோ இணையத்தில் ஏற்றிய குடும்ப மரம். பிலடெல்பியாவில் 1727 முதல் பயணிகள் பட்டியல் எடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது ஜெர்மானியர் முதலான அயல்நாட்டவர் மன்னருக்கு விசுவாசம் கூறிக் கையெழுத்திட்ட பட்டியல். அயர்லாந்துக்காரர்கள் ஏற்கெனவே பிரிட்டிஷ் மன்னரின் குடிகள் என்பதால் அவர்களிடம் அப்படி ஒன்றைக் கேட்கவேயில்லை. அமெரிக்கத் துறைமுகங்களில் எல்லாப் பயணிகளின் பட்டியலையும் முறையாகத் தாக்கல் செய்வது 1820-இல்தான் தொடங்கியது. கப்பல் தாத்தாவின் கப்பலுக்குப் பட்டியல் இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லாதபோது, அதன் பெயரை விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

அங்கிருந்து ஒரே தாவலில், அதே குடும்பப் பெயருடைய, அல்ஸ்டரின் டைரோன் கவுண்டி நிலக்கிழார் ஒருவரின் கோட்டை வீட்டுக்குப் போகிறது அறிக்கை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பது இதுதான். குத்தகை கட்ட முடியாமல் ஊரை விட்டுப் போன நெசவுக்காரர் எங்கே, குத்தகை வாங்கியவர் எங்கே? அயர்லாந்தில் ஒருவரை அடையாளம் காண அவருடைய டவுன்லேண்ட் தெரிய வேண்டும். ஊரைவிடச் சிறிய அந்த நிலப் பிரிவுகள் நாடு முழுவதும் 60,000-க்கும் மேல் உண்டு. அதைக் கண்டுபிடிக்க உதவியிருக்கக்கூடிய ஏடுகளில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகத்தோடு வெடித்து எரிந்துபோயிற்று: உயில்கள், அரசுத் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கும் மேல். 1740-க்கு முந்தைய பிரெஸ்பிட்டேரியன் பதிவேடுகளோ மிகச் சிலவே இருக்கின்றன. இதையெல்லாம் சொல்லி, இதற்கு மேல் வழியில்லை என்று இரண்டு பக்கத்தில் முடித்திருந்தால் நான் கைகூப்பியிருப்பேன். அப்படி முடிக்க மனமில்லையென்றால் செய்யத்தக்க வேலைகளும் இருந்தன. 1708-இல் தொடங்கிய டப்ளின் பத்திரப் பதிவகம் தீயில் சிக்காமல் இன்றும் இருக்கிறது. புராட்டஸ்டண்ட் குடும்பத் தலைவர்களை 1740-இல் கணக்கெடுத்த பட்டியலின் பகுதிகள் படியெடுப்பாகக் கிடைக்கின்றன. எரிந்தவற்றுக்கு மாற்றுப் படிகளைத் தேடித் திரட்டிய மெய்நிகர் ஆவணக் கருவூலம் 2022 முதல் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி திறந்திருக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததற்கான அடையாளம் அறிக்கையில் இல்லை.

பார்க்காத நேரத்தில் என்ன செய்தார்கள் என்றால், வழவழப்பான தாளில் முழுப் பக்க வண்ணக் குடும்பச் சின்னம் ஒன்றை அச்சிட்டுத் தந்திருக்கிறார்கள். அயர்லாந்தில் அத்தகைய சின்னங்களை வழங்கிய அலுவலகம் 1552-இலிருந்து இயங்கி, 1943-இல் அந்நாட்டு அரசிடம் வந்தது. சின்னம் தனிமனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் உரியதே தவிர, ஒரே குடும்பப் பெயருடைய எல்லோருக்கும் உரியதல்ல. அடுத்த பக்கம் இதையும் விஞ்சுகிறது. சம்பந்தியின் ஆண்வழி மரபணுச் சோதனையில் எம்222 என்ற பிரிவு வந்ததை வைத்து, ஐந்தாம் நூற்றாண்டு ஐரிஷ் அரசர் நியாலின் வழித்தோன்றல் என்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள். 2006-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் அந்தப் பிரிவை நியாலின் வம்சத்தோடு தொடர்புபடுத்தியது உண்மை. ஆனால் அது வடமேற்கு அயர்லாந்தில் பரவலாகவும், ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளிலும் காணப்படும் பிரிவு. அதைக் கொண்டு சம்பந்தியின் ஆண்வழி ஐரிஷா ஸ்காட்டிஷா என்றுகூடத் தீர்மானிக்க முடியாது. இதில் அரச மகுடம் எங்கிருந்து வந்தது?

நிலக்கிழாரை அடித்துவிட்டு ஓடிவந்த கதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதும் ஏமாற்றமே. ஸ்டாண்டன் நகரத்தின் தொடக்கக் குடியேறி ஜான் லூயிஸைப் பற்றி, அயர்லாந்தில் நிலக்கிழாரைக் கொன்றுவிட்டு வந்தவர் என்று ஆகஸ்டா கவுண்டி முழுவதும் வழங்கும் கதை அது. எங்கள் குடும்பக் கதை அதன் நிழலாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். கூலி வாங்கும் ஆய்வாளருக்கு அந்தச் சந்தேகம் எனக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

சேவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்னஞ்சல்களுக்கு மரியாதையாகவும் மூன்று நாளுக்குள்ளும் பதில் வந்தது. நாள்காட்டிப் பிழையையும் மறுமணத்தையும் பக்க எண்ணோடு சுட்டிக்காட்டியபோது ஏற்றுக்கொண்டு, திருத்திய பதிப்பைக் கட்டணமின்றி அனுப்பினார்கள். அந்த அம்மாளுக்கு இப்போது ஒன்றரைப் பக்கம் கிடைத்திருக்கிறது. வேலைக்காரர் என்ற சொல்லையும் மாற்றினார்கள். கப்பலையும் கோட்டையையும் மட்டும் நீக்க மறுத்து, 'மரபு வழிச் செய்தி' என்று தலைப்பிட்டு அங்கேயே வைத்திருக்கிறார்கள். எழுத்துருவும் கட்டமைப்பும் நன்று. ஆவண ஒளிப்படிகளைக் கூடுதல் கட்டணம் கேட்காமல் முழு அளவில் தந்ததற்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். அவை இல்லாதிருந்தால் மேலே எழுதிய எதையும் நான் கண்டுபிடித்திருக்க முடியாது. பணம் கட்டும் முன் இதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். மாதிரி அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் கடல் தாண்டும் பத்தியின் மேற்கோள் எண்ணை மட்டும் துரத்திப் பாருங்கள். அது மூல ஏட்டில் போய் நிற்கிறதா, இன்னொருவரின் இணையக் குடும்ப மரத்தில் போய் நிற்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். நில வரைபடப் பக்கம் இல்லையென்றால் இரண்டு. அயர்லாந்துக்கு நேரில் ஆளனுப்பித் தேடும் 'இரண்டாம் கட்டத்துக்கு' 3,800 டாலர் கேட்டார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டோம். கப்பல் தாத்தாவின் மூத்த மகன் வழியில் வந்த ஒருவர் டென்னசியில் இருக்கிறார். அவருடைய ஆண்வழி மரபணுவைச் சம்பந்தியுடையதோடு 111 குறியீடுகளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்தத் தொகையில் சிறு பகுதியே ஆகும். அந்தப் பாதுகாவலர் உத்தரவின் ஒற்றை வரி தாங்குமா தாங்காதா என்பதை அது சொல்லும். சோதனைப் பெட்டி போன வாரம் அஞ்சலில் போயிருக்கிறது.